கொலு பார்க்கப் போகிறோமே, அதுபோல...

(ஹைதராபாத்தில் நம் சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னிடம் வந்து, "உள்ளூர் ஓவியர்களின் படங்களை ஒரு வாரம் நம் ஹாலில் வைக்கப்போகிறோம். தொடக்க நாளில் நீங்கள் இருபது நிமிஷம் பேச வேண்டும்" என்றபோது, ஆள் மாறிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். நான் படித்தது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. 36 வருஷம் உத்தியோகம் பார்த்தது சர்க்கார் ஆபீஸில். ஃபைலில் பச்சை மசியால் கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறொன்றும் வரைந்தவன் இல்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணத்தைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்.

வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தால் நாம் எங்கே அழைத்துப் போகிறோம்? சார்மினார், கோல்கொண்டா, அப்புறம் சாலார் ஜங் மியூசியம். மணி அடிக்கும் பொம்மைக் கடிகாரத்தின் முன்னால் பத்து நிமிஷம் முன்னதாகவே இடம் பிடிக்கிறோம். பென்ஸோனி என்ற இத்தாலியச் சிற்பி சலவைக்கல்லில் செதுக்கிய, முகத்திரை அணிந்த ரெபெக்காவைப் பார்த்து, "கல்லிலே மெல்லிசுத் துணியா!" என்று வியக்கிறோம். அங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி மூன்றாம் சாலார் ஜங் என்ற ஒரு மனிதர் ஆசைப்பட்டுச் சேர்த்தது. 1951-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மிக நல்ல காரியம். ஆனால் நம் தெருவிலேயே குடியிருக்கும் ஓவியர் ஒருவரின் படத்தை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்?

இந்தப் பிரதேசத்தில் படம் பார்ப்பது புதுப் பழக்கம் அல்ல. இன்று சித்திப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் சேரியால் என்ற ஊரில் நகாஷிகள் என்ற ஓவியக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகத் துணியில் கதைப்படம் எழுதிவருகிறார்கள். கதர்த் துணிக்கு அரிசிக் கஞ்சி, வெள்ளை மண், புளியங்கொட்டைப் பசை, கோந்து இவற்றைக் கலந்து பூசுவார்கள். காய்ந்ததும் மறுபடி பூசுவார்கள். பிறகு சிவப்புப் பின்னணியில் புராணக் கதைகளும் ஜாதிக் கதைகளும் கட்டம் கட்டமாக வரும். நாற்பது அடிக்கு மேல் நீளமான சுருள்களும் உண்டு. கதை சொல்பவர் சுருளைத் தோளில் சுமந்து கிராமம் கிராமமாகப் போய், இரவில் அதை விரித்து, பாடிப் பாடிக் கதை சொல்வார். ஜனங்கள் கலைக்கூடத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கலைக்கூடமே ஊருக்குள் வந்தது. ஆனால் சினிமாவும் டெலிவிஷனும் வந்த பிறகு அந்தக் கூட்டம் கரைந்துவிட்டது. பார்ப்பவர் குறைந்ததும் சுருளும் சுருங்கி, சுவரில் மாட்டும் சிறு படங்களாகவும் முகமூடிகளாகவும் ஆகிவிட்டது.

நகரத்துக்கு வருவோம். ஹைதராபாத் ஆர்ட் சொஸைட்டி 1940-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஓவியக் கண்காட்சிகளை நடத்திவந்திருக்கிறது. கரீம்நகர் பக்கத்திலிருந்து பம்பாய்க்குப் போய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்துத் திரும்பிய பி.டி. ரெட்டி (1915-1996), நாராயணகூடாவில் தம் வீட்டோடு சேர்த்து 'சுதர்மா' என்ற கலைக்கூடத்தை நடத்தினார். பிற்பாடு அரசாங்கத்தின் கலைக்கூடம் மாதாப்பூர் பக்கம் வந்தது. 2010-ல் பஞ்சாரா ஹில்ஸில் ஒரு பழைய வீட்டில் 'லாமகான்' தொடங்கியது. படமோ, நாடகமோ, பேச்சோ, யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது அதன் ஏற்பாடு. ஆகவே இடம் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

ஓவியர்களும் இல்லாமல் இல்லை. லக்ஷ்மா கவுட் மேதக் ஜில்லாவின் நிஜாம்பூர் கிராமத்தில் 1940-ல் பிறந்தவர். தோட்டா வைகுண்டம் 1942-ல் கரீம்நகர் ஜில்லாவில் பிறந்தவர். முன்னவர் ஆடு மாடுகளையும் கிராமத்து ஆண் பெண்களையும் கோட்டோவியமாகப் போட்டார். பின்னவர் மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டு இட்டு, பளீரென்ற புடவை கட்டிய தெலங்காணாப் பெண்களை வரைந்தார். தம் கிராமத்தைத் தவிர வேறு எதையும் இவர்கள் பெரிதாகத் தேடிப் போகவில்லை. ஆனால் அந்தப் படங்கள் உலகமெல்லாம் போயின. லக்ஷ்மா கவுடுக்கு 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வைகுண்டம் 'தாசி' படத்தின் கலை இயக்கத்துக்காகத் தேசிய விருது பெற்றவர்.

இங்கே நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. இவர்கள் இருவருக்கும் பரோடாவில் குருவாக இருந்தவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் கூத்துபறம்பில் 1924-ல் பிறந்த தமிழ்ப் பிராம்மணர். சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் அவர் படித்தது பொருளாதாரம். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. சாந்திநிகேதனுக்குப் போய் ஓவியம் கற்றார். 2012-ல் பத்மவிபூஷண் பெற்றார்; 2016-ல் காலமானார். "பையன் படம் போடப் போனால் என்ன ஆவான்?" என்று கேட்கும் நம்மவர்களுக்கு, இப்படியும் ஆகலாம் என்று சொல்லி வைக்கிறேன்.

"சங்கீதம் என்றால் புரிகிறது. இந்த மாடர்ன் ஆர்ட் ஒன்றும் புரியவில்லையே" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. நம் வீட்டு வாசலில் இருக்கும் கோலத்தில் என்ன புரிகிறது? அது மாடும் இல்லை, மரமும் இல்லை. புள்ளி, கோடு, வளைவு. ஆனால் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எந்த மாமியும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். 1970-களில் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கோலங்களை ஆராய்ந்து, அவற்றில் இருக்கும் ஒழுங்கைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் இலக்கண விதிகளாகவே எழுதிக் காட்டினார்கள். ஆக, வெறும் கோட்டை ரசிக்கத் தெரியாதவர்கள் நாம் என்பது சரியல்ல. நின்று பார்க்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது.

கண்காட்சியும் நமக்குப் புதிதில்லை. நவராத்திரியில் ஒவ்வொரு வீடும் கலைக்கூடம்தானே! படி கட்டி, துணி விரித்து, விளக்குப் போட்டு, பார்ப்பவர் கண்ணுக்கு எட்டும்படி பொம்மையை அடுக்குகிறோம். வருபவர்கள் ஒரு பாட்டுப் பாடி, வெற்றிலை பாக்கும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். யாராவது வராமல் போனால் அடுத்த நவராத்திரி வரை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

என் தம்பி என்னைவிட நாலு வயது இளையவன். பி.யூ.சி. முடித்ததும் எழும்பூரில் இருக்கும் ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்றான். வருஷம் 1971. அப்பா ரிடையராகும் தருணம். இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். சம்பாதிக்கிற பிள்ளை என்பதால் அப்பா என் அபிப்ராயத்தைக் கேட்டார். "பி.காம். படிக்கட்டும். படம் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கலாம்" என்றேன். அன்றைய குடும்ப நிலைமையில் அது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவனும் பி.காம். முடித்து, பாங்க் உத்தியோகத்தில் சேர்ந்து, மாற்றலில் இதே ஊருக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் படமும் போட்டான்.

தப்பு நடந்தது 1994-ல். செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, உள்ளூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மூன்று நாள் கண்காட்சி வைத்தார்கள். தம்பியின் படங்கள் நான்கு. "அண்ணா, நீ ஆபீஸ் விட்டு வர வழிதான். ஒரு அஞ்சு நிமிஷம் எட்டிப் பாரு" என்று சொல்லி, அழைப்பிதழை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஆபீஸில் ஆடிட் நடந்த வாரம் அது. முதல் நாள், நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நல்ல மழை. நான்கு படங்களையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஆட்டோவில் வைத்து அவன் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனான் என்று பின்னால் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்தக் கண்காட்சிக்கும் என்னைக் கூப்பிடவும் இல்லை.

2018-ல் அவன் காலமானான். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அவன் மனைவி ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினாள். தூரிகைகளோடு ஒரு 80 பக்க நோட்டும் இருந்தது. 1994 கண்காட்சியின் வருகைப் பதிவு. மூன்று நாளில் 41 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் என் மனைவியின் பெயரும் இருந்தது. "படித்துறைப் படம் நம்ம ஊர்க் காவேரி மாதிரியே இருக்கு. ரொம்ப சந்தோஷம்" என்று எழுதியிருந்தாள். வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். "அன்னிக்கே சொன்னேனே. நீங்க பேப்பர் படிச்சிண்டிருந்தேள்" என்றாள். 24 வருஷம் அந்த நோட்டை அவன் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். அதில் வரவு செலவு எதுவும் இல்லை. வந்து பார்த்தவர்களின் பெயர்கள் மட்டும்தான்.

ஆகவே, நம் பத்திரிகை போய்ச் சேரும் எல்லா ஊர் அன்பர்களுக்கும் சில யோசனைகள். நம் சங்கங்கள் பலவற்றுக்கு ஹால் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அது பூட்டித்தான் கிடக்கிறது. அதை உள்ளூர் ஓவியர்களுக்கு ஒரு வாரம் கொடுக்கலாம். ஜாதி, மொழி பார்க்க வேண்டாம். வியாபாரக் கலைக்கூடங்களில் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதிகூட, கமிஷனாகப் போய்விடும். சட்டம் போடுவது, வண்டி வாடகை, அழைப்பிதழ் எல்லாம் ஓவியரின் கைச்செலவு. நாம் கமிஷன் வாங்காமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். நம் வீடுகளில் ஸ்வாமி படத்தை மாட்டுவதுபோல் நிலைக்கு மேலே மாட்டினால் கழுத்துதான் வலிக்கும். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நீர்வர்ண ஓவியத்துக்கு மியூசியங்கள் அனுமதிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ்தான். எண்ணெய் வர்ணத்துக்கு 200. ஒளி பட்டுப் போன வர்ணம் திரும்பி வராது.

வெளியூர் உதாரணங்களும் இருக்கின்றன. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஓவியம் போட்டார்கள். பெங்களூரில் சித்ரகலா பரிஷத் 2003-லிருந்து 'சித்ர சந்தை' நடத்துகிறது. வீதியிலேயே படங்களை வைத்துவிடுகிறார்கள். காய்கறி வாங்க வருவதைப் போல ஜனங்கள் குடும்பத்தோடு வருகிறார்கள்.

இன்னும் ஒரு விண்ணப்பம். "நம்ம பையன்தானே, ஒரு பிள்ளையார் படம் சும்மா போட்டுக் கொடேன்" என்று யாரையும் கேட்காதீர்கள். கச்சேரிக்கு சம்பாவனை கொடுக்கிறோம். படத்துக்கும் விலை உண்டு. வாங்க வசதியில்லையா, பரவாயில்லை. குழந்தைகளை அழைத்து வாருங்கள். ஒரு படத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். போட்டவர் பக்கத்தில் இருந்தால், எப்படிப் போட்டீர்கள் என்று கேளுங்கள்.

இந்த ஹாலில் இன்று 32 படங்கள் இருக்கின்றன. மூன்றாவது ஜன்னலை அடுத்து ஒரு படித்துறை இருக்கிறது. அது என் தம்பி போட்டது, விற்பனைக்கு இல்லை. மற்ற 31-க்கும் விலை எழுதியிருக்கிறது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். டிபனுக்குப் போகுமுன் எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதில் பெயரெழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.