எட்டும் ‘எய்ட்’டும்

(கல்கத்தாவில் நடந்த சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மொழியறிஞன் அல்லன். பத்தாவது தேறி, ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதுகிறவன். இந்தத் தலைப்பில் பேச எனக்குள்ள ஒரே தகுதி, இதில் ஒருமுறை நான் பட்ட அவமானம்தான்.

உடன் வேலை பார்க்கும் வங்காளி நண்பர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னார்: “இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்தின் பிள்ளைகள்தான். உங்கள் தமிழ் மட்டும் என்ன விலக்கா?” எனக்கு ரத்தம் கொதித்தது. “சமஸ்கிருதம் கிடக்கட்டும் ஐயா, ஆங்கிலமே தமிழிலிருந்து வந்ததுதான். எங்கள் எட்டுதான் அவர்களுடைய எய்ட்!” என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்: “சரி, ஏழு?” எனக்கு வாய் அடைத்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்று அவர் சொன்னதும் தவறு, நான் சொன்னதும் தவறு. அது எப்படி என்று தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம் ஊரில் தொடங்கிய கதை

1580களில் கோவாவில் வாழ்ந்த பிலிப்போ சசெட்டி என்ற இத்தாலிய வணிகர், தம் மொழியின் எண்ணுப் பெயர்களும் சமஸ்கிருத எண்ணுப் பெயர்களும் ஒத்திருப்பதைப் பார்த்து வியந்து எழுதினார். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1786 பிப்ரவரி 2 அன்று, இதே கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் பேசினார். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை, அந்த ஊற்று இன்று இல்லாமலே போயிருக்கலாம் என்றார்.

தோழர்களே, கவனியுங்கள். சமஸ்கிருதம் தாய் என்று அவர் சொல்லவில்லை. கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் அது உடன்பிறப்பு. தாய் மறைந்துவிட்டாள். எழுத்தில் ஒரு வரிகூட அவள் விட்டுச் செல்லவில்லை. பிள்ளைகளின் முகச்சாயலை வைத்து அவள் முகத்தை ஊகிக்கிறார்கள்.

மூட்டையின் நிறமும் சீட்டின் எண்ணும்

எப்படி ஊகிக்கிறார்கள்? காணாமல் போன பார்சலைத் தேடும்போது, சாக்கின் நிறத்தைப் பார்த்து ‘இது நம்முடையது’ என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. சீட்டில் உள்ள எண், புறப்பட்ட ஊர், வண்டி மாற்றிய சந்திப்பு எல்லாம் வரிசையாக ஒத்துப்போக வேண்டும். சொல்லுக்கும் அப்படித்தான்.

1818இல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க்கும், 1822இல் ஜெர்மனியின் யாகோப் கிரிம்மும் அந்த வரிசையைக் காட்டினார்கள். சமஸ்கிருதத்திலும் இலத்தீனிலும் ‘ப’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ வருகிறது: பிதர், பாத்தெர், ஃபாதர். காலுக்கு பத், பெத், ஃபுட். அங்கே ‘த’ என்றால் இங்கே ‘ட’: பத்துக்கு தச, தெக்கெம், டென். பல்லுக்கு தந்த, தெந்த், டூத். ஒரு சொல் ஒத்தால் தற்செயல். வரிசையாக ஒத்தால் சட்டம். விலக்காகத் தெரிந்த பலவற்றுக்கும் பின்னால் காரணம் கண்டார்கள்.

இப்போது என்னுடைய எட்டுக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் அஷ்ட, இலத்தீனில் ஒக்தோ, ஜெர்மனில் அக்ட். ஆங்கிலத்தில் எய்ட் என்று எழுதும்போது நடுவில் ஒலிக்காத ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் நிற்கின்றனவே, அவை மறைந்த பழைய ஒலியின் தடம். நம் எட்டு என்ன சொல்கிறது? எண்பது, எண்ணூறு என்கிறோம். கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. ஆக, நம் சொல்லின் வேர் ‘எண்’. வேருக்குப் போனால் இரண்டும் வேறு வேறு மரம். நான் சாக்கின் நிறத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்!

சக்கரம் சொல்லும் காலம்

ரயில்வேக்காரன் சக்கரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? சமஸ்கிருதத்தின் சக்ர, கிரேக்கத்தின் குக்லோஸ், ஆங்கிலத்தின் வீல் மூன்றும் ஒரே மூலச்சொல்லின் வழிவந்தவை. சைக்கிள் என்ற சொல்லும் அந்தக் குக்லோஸிலிருந்து வந்ததே. மறைந்த தாய்மொழியில் சக்கரத்துக்குப் பெயர் இருந்திருக்கிறது. சக்கர வண்டியின் தடயங்கள் ஏறத்தாழ 5500 ஆண்டுகளுக்கு முன்பிருந்துதான் கிடைக்கின்றன. அதனால், அந்த மொழியின் கிளைகள் பலவும் அதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்திருக்க முடியாது என்று பல அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளியே அதன் தாயகம் என்பது பெரும்பாலோர் கருத்து. விவாதம் இன்னும் தொடர்கிறது.

நம் வீடு எது?

இதே முறைதான் நமக்கும் நியாயம் செய்தது. 1816இல் சென்னையில் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனிக் குடும்பம் என்று நிறுவினார். 1856இல் கால்டுவெல் அதை இலக்கணமாக விரித்தார். நம்முடைய இரண்டு தெலுங்கில் ரெண்டு, கன்னடத்தில் எரடு, பலுசிஸ்தானத்தின் பிராகூயியில் இரட். வங்காளியின் துய், இலத்தீனின் துவோ அந்த வரிசையில் நிற்கவில்லை.

தமிழில் வடசொல் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. டிக்கெட்டும் சிக்னலும்கூடத்தான் இருக்கின்றன. அதனால் தமிழ் ஆங்கிலத்தின் பிள்ளை ஆகிவிடுமா? கடன் வேறு, பிறப்பு வேறு. வடமொழியும் நம்மிடம் கடன் வாங்கியிருக்கிறது. நீர் என்ற சொல்லை அப்படி வாங்கியதே என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மொழிக் குடும்பத்தை ரத்தக் குடும்பமாக்கியவர்கள் உண்டு. ‘ஆரிய’ என்ற சொல்லைப் பரப்பிய மாக்ஸ் முல்லரே 1888இல், மொழிக்கு வைத்த பெயரை இனத்துக்கும் ரத்தத்துக்கும் வைப்பது அபத்தம் என்று கண்டித்தார். கேட்டார்களா? அதே சொல்லைச் சொல்லித்தான் ஹிட்லர் கூட்டம் மனிதர்களைக் கொன்று குவித்தது. வங்காளியின் ‘நாம்’, ஆங்கிலேயனின் ‘நேம்’ இரண்டும் ஒரே வேர்ச்சொல். 1943 பஞ்சத்தில் இந்த மண்ணில் இலட்சக்கணக்கானோர் செத்தபோது, அந்தச் சொந்தம் ஒரு பிடி அரிசி போடவில்லை. சொல்லின் உறவு சொல்லோடு நிற்கிறது.

ஆகவே தோழர்களே, நம்மைச் சிறுமைப்படுத்தும் பொய்யை மறுக்க, நம்மைப் பெருமைப்படுத்தும் பொய் உதவாது. அன்று என்னைச் சிரிக்க வைத்தது அதுதான். நம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி, ஆங்கிலம் ஐந்திலும் ஒன்று முதல் பத்து வரை கரும்பலகையில் எழுதட்டும். எது எந்த வீட்டுப் பிள்ளை என்று அவர்களே பிரிக்கட்டும். நாளை யாராவது “ஏழு?” என்று கேட்டால், அவர்களுக்கு வாய் அடைக்காது.