வட்டமாக உட்காருவோம்



'சாதியும் மனநலமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை, முனைவர் பட்ட ஆய்வாளர். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. எழுதிய அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "உங்களுக்கெல்லாம் ஃபெலோஷிப் வந்தா போதும், எழுத்து எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நமக்கு நிஜமாகவே எழுத வராதோ என்று யோசிப்பேன். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீனியர் அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். மரத்தடியில் ஏழு பேர் இருந்தோம். வேறொரு துறையில் படிக்கும் தோழர் பேசினார். அவருக்கும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். துறை வேறு, ஆள் வேறு, ஆனால் வாக்கியம் ஒன்றே. அன்று இரவு நான் தூங்கினேன். என் பிரச்சினை தீரவில்லை. ஆனால் அது என் மூளையின் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டது.

இதை உளவியலில் குழு சிகிச்சை என்ற தலைப்பில் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பேசி வருகிறார்கள். 1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், தனி சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாக உட்காரவைத்தார். நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத்தான் கூட்டினார். ஆனால் ஒருவரையொருவர் பார்ப்பதே அவர்களுக்குத் தெம்பு கொடுப்பதைக் கவனித்தார். ஏழைகளுக்காகத் தொடங்கிய முறை இது என்பதை நாம் மறக்க வேண்டாம். பின்னாளில் இர்வின் யாலோம் என்ற மனநல மருத்துவர், குழு எப்படிக் குணப்படுத்துகிறது என்று காரணங்களை அடுக்கினார். அவற்றில் ஒன்று 'எனக்கு மட்டும் இல்லை' என்ற உணர்வு. இன்னொன்று, உதவி கேட்டு வந்தவரே அடுத்தவருக்கு உதவுவது. தன்னால் எதற்கும் பயனில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

சாதி நம்மைக் காயப்படுத்துவதோடு நிற்பதில்லை, அந்தக் காயத்தை வெட்கமாக மாற்றி ஒளித்துவைக்கவும் சொல்கிறது. அண்ணல் அம்பேத்கர் அதை ஒளிக்கவில்லை. 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற நினைவுக் குறிப்புகளில், சிறுவனாகக் கோரேகானுக்குப் போன பயணத்தில் வண்டிக்காரர்கள் மறுத்ததையும், பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டதையும் எழுதினார். அதோடு நிறுத்தாமல், மற்றவர்களுக்கு நடந்ததையும் பக்கத்திலேயே வைத்தார். 'எனக்கு நடந்தது' என்பது 'நமக்கு நடந்தது' என்று மாறும் இடம் அது.

நம் புதுக்கோட்டைக்கும் இது புதிதில்லை. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல் வேலைக்கும் கல்குவாரிக்கும் போன பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி உலகமே அறிந்த செய்தி அது. என் அம்மாவும் அப்படிப் பழகியவர்தான். "ஊரே சிரிச்சுச்சே, பயமா இல்லையாம்மா?" என்று கேட்டிருக்கிறேன். "தனியா இருந்தா ஓட்டியிருப்பேனா? எல்லாரும் சேந்து விழுந்தோம், அதனால ஓட்டினோம்" என்றார். அதை யாரும் சிகிச்சை என்று சொல்லவில்லை. ஆனால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்து, வீட்டு அடியையும் கூலிப் பிரச்சினையையும் முதன்முறையாகச் சத்தமாகச் சொன்னதை அம்மா இன்றும் சொல்கிறார்.

இப்போது வேங்கைவயலுக்கு வருவோம். 2022 டிசம்பரில் குழந்தைகள் நோயுற்ற பிறகுதான், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. அதை ஒட்டித்தான் இரட்டைக் குவளையும் கோயிலுக்குள் விடாததும் வெளியே வந்தன. சிபிசிஐடி விசாரித்தது, டிஎன்ஏ பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். 2025 ஜனவரியில் அதே தலித் மக்களில் மூவரைக் குற்றம்சாட்டிக் குற்றப்பத்திரிகை வந்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. தாகம் எடுக்கும்போதெல்லாம் ஞாபகம் வரக்கூடிய காயம் இது. ஒரு தெரு முழுவதும் பட்ட காயத்தை ஒவ்வொருவராகத் தனி அறையில் உட்காரவைத்து 'உங்களுக்கு ஸ்ட்ரெஸ்' என்று சொல்லி ஆற்ற முடியாது. தெருவே சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன். நீதிக்குப் பதிலாக ஆலோசகரை அனுப்பினால் அதற்குச் சிகிச்சை என்று பெயரில்லை, வாயடைப்பு என்று பெயர். குழு நம்மைப் போராட்டத்திலிருந்து வெளியே எடுப்பதற்காக இல்லை. போராடுகிறவர்கள் உள்ளுக்குள் உடைந்துபோகாமல் இருப்பதற்காக.

எல்லா வட்டமும் பாதுகாப்பானதும் இல்லை. 'இங்கே சாதியெல்லாம் பேசாதீங்க' என்று சொல்லும் குழுவில் நாம் இன்னொரு முறை காயப்படுவோம். நம் இயக்கத்துக்குள்ளேயும் ஆண்களே பேசிப் பெண்கள் டீ கொடுக்கும் வட்டங்கள் இருக்கின்றன. அவற்றையும் மாற்ற வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் செய்யக்கூடியது இதுதான். ஆறிலிருந்து பத்துப் பேர் வரை சேருங்கள். வாரம் ஒருநாள், அதே இடம், அதே நேரம். இங்கே பேசுவது வெளியே போகக் கூடாது. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசவோ புத்திமதி சொல்லவோ வேண்டாம். பேச விரும்பாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர், சாதியைப் புரிந்தவர், கிடைத்தால் கூட்டிவாருங்கள். நாம் நடத்துவது தோழமை வட்டம்தான், மருத்துவத்துக்கு மாற்று கிடையாது. யாராவது சாகலாம்போல் இருக்கிறது என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். அவரைச் சுற்றித் தோழர்கள் இருந்தார்கள், போராட்டப் பந்தலும் இருந்தது. அதனால் வட்டம் போட்டால் எல்லோரையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு 'கோளாறு என்னிடம்தான்' என்று நினைக்கும் ஒரு தம்பியோ தங்கையோ இன்று இரவும் ஏதோ ஒரு விடுதியில் இருப்பார்கள். அந்தக் கதவைத் தட்டுவது நம் வேலை. என் கதவை ஒரு அக்கா தட்டினார்.

இந்த நாற்காலி வரிசையைக் கலைத்துவிட்டு வட்டமாகப் போடுவோமா? மிச்சத்தை நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.