கதவோரச் சட்டம்



கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பிளவை மறைக்க, வளைவு வேலை செய்த மெல்லிய சட்டம் அடித்திருப்பார்கள். ஆசாரிகள் அதைப் பீடிங் என்பார்கள். பழைய வீட்டில் அதில் ஒரு முழம் கரையான் தின்றுவிட்டால், அதே வளைவுள்ள துண்டு கடையில் கிடைப்பது அரிது. எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாக அடிக்கச் சொல்வார்கள். அந்தச் செலவு வேண்டாம். அந்த ஒரு முழத்தை மின்சார எந்திரம் இல்லாமலே நாம் செய்துகொள்ளலாம்.

முதலில் மரம். வெட்டிச் சாய்த்த பால்மரம் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்பீர்கள். அதைத் தொடாதீர்கள். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலம் பூக்கும், வண்டு துளைக்கும். தொழிற்சாலையில் போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்திய பிறகே அதில் நாற்காலி மேசை செய்கிறார்கள். நமக்கு நன்றாகக் காய்ந்த, நேரான ரேகையுள்ள மெரந்திப் பலகை போதும். காய்ந்த என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் முதலில் செய்தது ஈரப் பலகையில். இரண்டே மாதத்தில் மூலை விரிந்து, உள்ளே பல்லி குடிவந்துவிட்டது.

அடுத்தது கருவி. தேய்ந்துபோன கைரம்பத்தின் தகட்டில், பல் இல்லாத பக்கமாக ஒரு துண்டு எடுங்கள். இரும்பறுக்கும் தகடு அரத்துக்கு மசியாது. பழைய சட்டத்தின் வெட்டுமுகத்தைத் தகட்டில் வைத்து வரைந்து, அதில் மேடு உள்ள இடம் இதில் பள்ளமாக வரும்படி அராவுங்கள். ஒரு கட்டையில் படி போல் வெட்டி, அதன் பிளவில் தகட்டைச் செருகித் திருகாணியால் இறுக்குங்கள். அந்தப் படி பலகையின் ஓரத்தை ஒட்டி ஓடும்.

இனிக் கவனமாகக் கேளுங்கள். மெல்லிய சட்டத்தை முதலில் அறுத்துவிட்டு, பிறகு வளைவு செய்ய முயலாதீர்கள். அது வளையும், நழுவும். மின்சார எந்திரமானால் விரலையே இழுத்துக்கொள்ளும். அகலப் பலகையை மேசையோடு இறுக்கி, அதன் ஓரத்தில் வளைவைச் சுரண்டி முடித்த பிறகே சட்டத்தை அறுத்தெடுக்க வேண்டும்.

கருவியைப் போகும் திசையில் சற்றே சாய்த்துத் தள்ளுங்கள். பட்டை சீவிப் பால் வெட்டிப் பழகிய கைக்கு இது புதிதல்ல. ஆழம் போகாமல், மெல்ல மெல்ல. உளியால் சீவினால் பிய்ந்து வரும் ரேகைகூடச் சுரண்டலுக்கு அடங்கும்.

நீளத்தை அளவுநாடாவால் அளப்பதைவிட, துண்டை இடத்திலேயே பிடித்துக் கோடு போடுவது நல்லது. ஆணிக்குச் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள், மரம் பிளக்காது. அடிப்பதற்கு முன் பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சுச் சாயம் கொடுங்கள். சுவரின் ஈரம் அந்தப் பக்கமாகத்தான் வரும்.