அழித்த தீர்ப்பும் அழியாத பதிவும்
(கிளைச் சங்கக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



பால்வெட்டுகிறவருக்குக் கத்தி எப்படியோ, அப்படியே லாரி ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ். அது போனால் அவர் வீட்டு உலையும் அவியும். குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்ற ஒருவர், அபராதம் கட்டி, குடியையும் விட்டு, பல ஆண்டு ஒழுங்காக வாழ்ந்தால் அந்தப் பழைய குற்றத்தைப் பதிவிலிருந்து அழிக்க முடியுமா? இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டு லாரி ஓட்டுநர் படும் பாட்டைச் சொன்னால் நமக்கு விளங்கும்.

அங்கே இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று கோர்ட்டுப் புத்தகம்; மற்றொன்று லைசென்ஸ் இலாகாவின் புத்தகம். கலிபோர்னியா மாநிலத்தில், நன்னடத்தைக் காலத்தை ஒழுங்காக முடித்தவர் மனுச் செய்தால், கோர்ட்டு பழைய தீர்ப்பைத் தள்ளுபடி செய்யலாம். ஆனால் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியது எழுதியதுதான். தொழில்முறை ஓட்டுநரின் தண்டனையை எந்த மாநிலமும் மறைத்து வைக்கக் கூடாதென்பது மத்திய அரசின் விதி.

சட்டம் எவ்வளவு கடுமை என்று பாருங்கள். ஓய்வு நாளில் சொந்தக் காரைக் குடித்துவிட்டு ஓட்டினாலும், தொழில் லைசென்ஸ் ஓராண்டு போகும். ஆபத்தான சரக்கு ஏற்றிய லாரியானால் 3 ஆண்டு. இரண்டாம் முறை ஆயுள் தடை. 10 ஆண்டு கழித்து, சீர்திருத்தப் பயிற்சி முடித்தவருக்கு மாநிலம் மனம் வைத்தால்தான் கதவு திறக்கும்.

இது அநியாயமா? அங்கே ஒரு லாரி சரக்கோடு 80,000 பவுண்டு வரை எடையிருக்கும். எதிரே சைக்கிளில் வருகிறவரும் தொழிலாளிதானே! ஆகவே கண்டிப்பு வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் திருந்தியவனுக்குத் திரும்பி வர ஒரு வழியும் வேண்டும். அந்தப் பத்தாண்டுக் கதவை மூடாமல் வைத்திருப்பது நியாயமே.

நம் நாட்டிலும் 2020 அக்டோபர் 23 முதல் சட்டம் இறுகிவிட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மதுவின் அளவு 80 மில்லிகிராம் வரை என்றிருந்தது 50 ஆகக் குறைந்தது. முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், 2 ஆண்டு வரை சிறை, குறைந்தது 2 ஆண்டு லைசென்ஸ் தடை. மறுமுறை 20,000 முதல் 50,000 வெள்ளி, 5 ஆண்டு வரை சிறை, குறைந்தது 5 ஆண்டு தடை.

ஆகையால் ஓட்டுநர் தோழர்களுக்கு மூன்று வார்த்தை. "பணம் கொடு, பதிவை அழித்துத் தருகிறேன்" என்று வருகிற தரகனை நம்பாதீர்கள். வேலை மனுவில் பழைய தண்டனையைக் கேட்டால் பொய் எழுதாதீர்கள். பின்னால் அந்தப் பொய்யே வேலையைத் தின்றுவிடும். வழக்கு வந்தால், "குற்றத்தை ஒப்புக்கொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு மயங்காமல், லைசென்ஸ் என்னவாகும் என்பதை முதலில் வக்கீலிடம் கேளுங்கள். சங்கத்துக்கும் சொல்லுங்கள்.

1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோர், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள். குடி தொழிலாளியின் கூலியைத் தின்கிறது என்று அன்றே கண்டவர்கள் அவர்கள். இன்று அது லைசென்ஸையும் சேர்த்துத் தின்கிறது. பதிவை அழிக்க அலைவதைவிட, பதிவே ஏறாமல் காப்பது எளிது. விழுந்து எழுந்தவரையோ, நாம் ஒதுக்காமல் கைகொடுத்து நிற்போம்.