கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகத்துக்கும் ஜவ்வாது மலை ஏறும் சாலைகள் உங்களுக்குத் தெரியும். பழைய ஆட்டோமேட்டிக் காரைச் சோதிக்க இதைவிட நல்ல பரிசோதனைக் கூடம் கிடையாது. சமவெளியில் மறைந்திருக்கும் கோளாறு ஏற்றத்தில் வெளியே வந்துவிடும்.

நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய ரகம். 1990களில் வந்த மாருதி ஜென்னின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் மாதிரி. 2014 முதல் நம் நாட்டில் பரவிய ஏ.எம்.டி. வேறு சாதி.

"கியர் சரியா மாறலே" என்றதும் "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பழைய காருக்கு அந்தச் செலவு வண்டியின் விலையையே தொட்டுவிடும். ஆகவே வரிசையாகப் பாருங்கள்.

முதலில், அது நோயா, சுபாவமா? ஏற்றத்தில் 'டி'யிலேயே போனால் கியர் மேலும் கீழும் அலையும். '2'க்கு மாற்றியதும் அலைச்சல் நின்றால் பயப்பட வேண்டாம். ஆனால் இன்ஜின் சத்தம் ஏறி, வண்டி வேகம் ஏறாவிட்டால், உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. அதுதான் நோய்.

இரண்டாவது, ஆயில். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் சூடாக, ஐடிலில் ஓடும்போது, 'பி'யில் வைத்து அளவு பார்க்க வேண்டும். சிலவற்றில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்கணும், கையேட்டைப் படியுங்கள். கொண்டை ஊசி வளைவில் மட்டும் வழுக்கினால் பெரும்பாலும் ஆயில் குறைவுதான். வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். நிறம் சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடு தேய்ந்திருக்கிறது. புது ஆயில் அதை வளர்க்காது. பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது, வண்டியை ஓட்டாதீர்கள்.

மூன்றாவது, ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள். தளர்ந்தால் கியர் சீக்கிரம் மாறும், வழுக்கும். இறுகினால் தாமதமாக, உதைத்து மாறும். பல நேரம் ஒரு ஸ்பேனர் வேலைதான்.

நான்காவது, இன்ஜின். ஒரு பிளக் சரியாக எரியாவிட்டாலும், மவுண்டிங் ரப்பர் கிழிந்தாலும், பழி கியர்பாக்ஸ் மேல் விழும்.

இவையெல்லாம் சரி என்றால் ஆயில் அழுத்தத்தை கேஜ் வைத்து அளந்து பாருங்கள். அதன்பிறகுதான் இறக்குகிற பேச்சு.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மலையில் நின்றுபோன ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. அதன் பம்ப் இன்ஜினால் ஓடுவது. ஆகவே முன்சக்கர வண்டியை முன்சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போனால், நல்ல கியர்பாக்ஸும் ஆயில் ஓட்டமில்லாமல் கெடும். முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். இறங்கும்போது '2' அல்லது 'எல்' போடுங்கள். 'டி'யில் விட்டு பிரேக்கையே நம்பினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அங்கே போவது பணமல்ல, உயிர்.

தம்பி தங்கைகளே, நாளை உங்களிடம் வண்டி கொண்டு வருகிறவர் உங்கள் வார்த்தையை நம்பித்தான் பணம் எடுப்பார். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.