தொழில் கற்ற கைகளைக் கட்டலாமா?

(திண்டுக்கல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் நகரையடுத்த தோட்டனூத்தில் ஈழத்தமிழ் ஏதிலியர்க்கென அரசு கட்டிய 321 வீடுகள் 2022 செபுதம்பர் 14இல் திறந்து வைக்கப்பெற்றன. அதற்கு முந்தைய ஆண்டே ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பெற்றது. இரண்டும் போற்றத்தக்கனவே. ஆயினும், கூரை மட்டும் வாழ்வாகுமா? கற்ற தொழிலைச் செய்ய வழியில்லாதவர்க்கு மறுவாழ்வு ஏது?

1983 சூலைப் படுகொலைக்குப் பின் கடல் கடந்து வந்தோரின் மக்கள் பலர் இங்கே பிறந்தனர். நம் பள்ளிகளில் பயின்றனர். பொறியியலும் பிறவும் கற்றுப் பட்டம் பெற்றனர். பெற்றபின் நிகழ்வதென்ன? அரசுப்பணி அவர்களுக்கு எட்டாக்கனி. சட்டம் கற்றாலோ, வழக்கறிஞராகப் பதிய 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் குடியுரிமையைக் கேட்கிறது. முகாம் முகவரியைக் கண்டதும் தனியார் நிறுவனங்கள் தயங்குகின்றன. எனவே, பொறியியல் கற்றவர் சுவருக்கு வண்ணம் பூசுகிறார். வண்ணம் பூசுதல் இழிவன்று. வேறு வழியை அடைத்து வைத்தலே இழிவு!

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரினர் நாம். இந்தப் பூட்டையும் உற்று நோக்குவோம். 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகனாவார். அந்நாள் முதல் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியினராய் இருத்தல் வேண்டும்; 2004 திசம்பருக்குப் பின் பிறந்தோர்க்கு விதி இன்னும் கடுமை. ஒரே தாய் வயிற்றில், ஒரே முகாமில் 1986இல் பிறந்த அண்ணன் குடிமகன். 1988இல் பிறந்த தம்பி அயலான்! முன்னவர் உரிமையும் எளிதில் கிட்டவில்லை. மண்டபம் முகாமில் அவ்வாறு பிறந்த ஒருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது.

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளை நினைத்தது, இலங்கையை மறந்தது. 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த ஈழத்தமிழர்க்கு, கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செபுதம்பரில் நடுவணரசு விலக்களித்தது. அது அச்சத்தைக் குறைக்கும், குடியுரிமை ஆகாது.

மேடைதோறும் கணியன் பூங்குன்றனார் பெயரை முழங்குகிறோம். முழக்கம் செயலாக வேண்டாவா? குடியுரிமை வழங்குமாறு நடுவணரசை ஓயாது கேட்போம். அதுவரை, ஆலையும் கடையும் பள்ளியும் நடத்தும் தமிழர்களே, முகாம் இளையோரை முகவரி பார்த்து விலக்காதீர்; திறம் பார்த்து ஏற்றுக்கொள்வீர். நாற்பதாண்டு நம்மோடு வாழ்ந்தோரின் கல்வி துருப்பிடித்தால், அவ்விழப்பு அவர்க்கு மட்டுமன்று, நமக்குந்தான்!