எண்ணறிவும் பழைய கணக்குப் பொறிகளும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மேசைமீது வைத்துள்ள பொருள்களைக் கண்டு, "பழைய இரும்புக் கடையை இங்கே ஏன் கொண்டு வந்தீர்கள்?" என்று சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. இவற்றுள் ஒன்று பழைய இரும்புக் கடையில் எடைபோட்டு வாங்கியதுதான். மாலை வகுப்பில் கணக்குக் கற்பிக்கும் நாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த மணிச்சட்டங்களும் கைப்பிடிக் கணக்குப் பொறிகளும் இவை. கைப்பேசி நொடியில் விடை சொல்லும் இக்காலத்தில் இவற்றால் என்ன பயன் என்பதைச் சொல்லவே வந்துள்ளோம்.

முதலில் மணிச்சட்டத்தைப் பாருங்கள். இது ஜப்பானியரின் சொரோபான். ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, கீழே நான்கு மணிகள். மேல்மணியின் மதிப்பு 5. கீழ்மணி ஒவ்வொன்றின் மதிப்பு 1. மேல்மணியோடு இரண்டு கீழ்மணிகளைச் சேர்த்தால் 7. அதனோடு 8 கூட்ட வேண்டுமா? அதே கம்பியில் 2 குறைத்து, இடப்பக்கக் கம்பியில் 1 ஏற்றினால் போதும், விடை 15. 1946 நவம்பர் 12 அன்று டோக்கியோவில் கியோஷி மட்சுசாகி என்பவர் சொரோபானைக் கொண்டும், தாமஸ் உட் என்னும் அமெரிக்கப் படைவீரர் மின்கணக்குப் பொறியைக் கொண்டும் போட்டியிட்டனர். பெருக்கலில் மட்டுமே பொறி வென்றது. 4க்கு 1 என்ற கணக்கில் வெற்றி சொரோபானுக்கே கிடைத்தது.

அடுத்தது கைப்பிடிப் பொறி. வரிக் கணக்கில் உழன்ற தந்தையின் சுமையைக் குறைக்க எண்ணி, பிரான்சு நாட்டு பாஸ்கல் 1642இல், தமது 19ஆம் வயதில், பற்சக்கரக் கூட்டற்பொறியை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் சுவீடனைச் சேர்ந்த ஓட்னர் ரஷ்யாவில் செய்தளித்த அமைப்பே உலகெங்கும் அலுவலகங்களில் பரவியது. எங்கள் பொறியும் அவ்வகையினதே. 347ஐ 26ஆல் பெருக்க வேண்டுமெனில், நெம்புகோல்களில் 347ஐ வைத்துக் கைப்பிடியை ஆறு முறை சுற்ற வேண்டும். பிறகு நகரும் பகுதியை ஓரிடம் தள்ளி, இரண்டு முறை சுற்ற வேண்டும். விடைச் சாளரத்தில் 9,022 தோன்றும். எத்தனை முறை சுற்றினோம் என்பதும் மற்றொரு சாளரத்தில் 26 என நிற்கும். பெருக்கல் என்பது மீண்டும் மீண்டும் கூட்டலே என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் ஆசிரியர் இல்லை.

ஒருநாள் எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் தந்தையார் வாங்கிய கடனின் கணக்குச் சீட்டைக் கொண்டுவந்தாள். கடன் 12,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி, ஏழு மாதம். சீட்டில் வட்டி 1,860 ரூபாய் என எழுதியிருந்தது. அவள் 240ஐ வைத்து, கைப்பிடியை ஏழு முறை தன் கையாலேயே சுற்றினாள். வந்தது 1,680. எழுதியவர் கை தவறிற்றா, மனம் தவறிற்றா என்று நாங்கள் ஆராயவில்லை. மறுநாள் தந்தையும் மகளும் சென்று, மாதம் மாதமாகக் கணக்கைச் சொல்லிக் கேட்டனர். சீட்டுத் திருத்தப்பட்டது. 180 ரூபாய் சிறு தொகையாக இருக்கலாம். ஆனால், பிறர் எழுதிய கணக்கின் கீழ்க் கைநாட்டு வைத்தே வாழ்ந்த தலைமுறைகளின் வழிவந்த நமக்கு, அக்கேள்வி சிறிதன்று. கைப்பேசியும் இதே விடையைத் தந்திருக்கும். ஆயினும் ஏழு சுற்றுகளைத் தானே சுற்றியவள், எதிரே இருப்பவரின் குரல் உயர்ந்தபோதும் தடுமாறவில்லை.

எங்களிடம் இல்லாத ஒரு பொறியைப் பற்றியும் கூறவேண்டும். அதன் பெயர் குர்டா. அதன் விலை எங்கள் கைக்கு எட்டாததால் படம் மட்டுமே வைத்துள்ளோம். ஒரு கையில் அடங்கும் உருளை. நான்கு கணக்குகளையும் செய்யும். இதனைக் கண்டவர் வியன்னாவில் பிறந்த கர்ட் ஹெர்ட்ஸ்டார்க். தந்தை யூதர் என்பதால் நாஜிகளின் ஆட்சியில் அவருடைய முயற்சி தடைப்பட்டது. 1943இல் கைதாகிப் புக்கன்வால்டு வதைமுகாமில் அடைக்கப்பட்டார். அவர் மனத்திலிருந்த பொறியைப் பற்றி அறிந்த அதிகாரிகள், போரில் வென்றதும் ஹிட்லருக்குப் பரிசாக்கலாம் என்று கருதி, அதனை வரைய அனுமதித்தனர். வரையும் வரை உயிர் மிஞ்சும் என்ற நம்பிக்கையில் அவர் வரைந்தார். 1945 ஏப்ரலில் முகாம் விடுவிக்கப்பட்டபோது வரைபடங்கள் அவர் கையில் இருந்தன. பின்னர் லீக்டென்ஸ்டைன் நாட்டில் ஏறத்தாழ 1,40,000 குர்டாக்கள் செய்யப்பட்டன. பெயரைப் பறித்து எண்ணைக் கொடுத்த கொடியோரால் அவர் கற்றதைப் பறிக்க இயலவில்லை.

இளைஞர்களே! இப்பொறிகளைக் கண்ணாடிப் பேழையில் பூட்டிவைக்க நாங்கள் விரும்பவில்லை. வந்து சுற்றிப் பாருங்கள். ஆனால், இறுகிய கைப்பிடியை வலிந்து திருப்பாதீர். பாதிச் சுற்றில் விட்டுவிடாதீர். உறைந்த பழைய எண்ணெயை நீக்கிய பின்னரே மெல்லிய எண்ணெயைத் துளியளவு இடுங்கள். பழுதுபார்க்கவும் கற்பிக்கிறோம். உங்கள் வீட்டுக் கூலிச் சீட்டையும் கடன் சீட்டையும் உடன் கொண்டு வாருங்கள். கணக்கின் ஒவ்வோர் அடியையும் அறிந்தவரை எவரும் எளிதில் ஏய்க்க முடியாது. அவ்வறிவு நம் ஒவ்வொரு வீட்டிலும் நிலைபெறுமானால், அதுவே இவ்வெள்ளி விழாவின் பயன் என்று கூறி அமைகிறோம்.